சம்பங்கியின் பவுடர் டப்பா

சம்பங்கி அண்ணனைப் பவுடர் இல்லாமல் எங்கள் ரயிலில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊரிலிருந்து பெங்களூர் போகும் அந்தக் காலை ரயில் மாரிக்குப்பத்தில் கிளம்பிக் கோரமண்டலில் வந்து நிற்கும்போது வெளிச்சம் சரியாக வந்திருக்காது. அந்த அரையிருட்டில் பிளாட்பாரத்தில் ஒரு முகம் மட்டும் தனியாக மிதந்து வரும். அண்ணனுடைய முகம் முதலில் ஏறும், உடம்பு பின்னால் ஏறும் என்பான் நோயல். நோயல் ஆண்டர்சன்பேட்டைக்காரன். பெங்களூரில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. ரயிலில் அவனுடைய வேலை சீட்டுக் கலைப்பதும் மற்றவர்களைச் சீண்டுவதும்.

ஏறியவுடன் சம்பங்கி அண்ணன் பையிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்து ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைப்பார். வெளிப்பக்கம் துடைக்கக் கை எட்டாது. அது ரயில்வேயின் பொறுப்பு, நான் தலையிடமாட்டேன் என்பார். பிறகு அந்தக் கண்ணாடியிலேயே முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார். பங்காருபேட்டை வருவதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

சுத்தம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பிறந்தது கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில். பக்கத்திலேயே சயனைட் மேடு. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணை அந்தக் காலத்தில் மலை மலையாகக் கொட்டிவைத்தார்கள் அல்லவா, அதுதான். கோடைக் காற்று அடித்தால் அந்த மண் தோசையில் இருக்கும், தலைக்குத் தடவும் எண்ணெயில் இருக்கும், பீரோவுக்குள் மடித்து வைத்த சட்டையில் இருக்கும். எங்கள் ஊரில் வீடு பெருக்குவது வேலை இல்லை. காற்று ஒன்று சொல்லும், நாங்கள் துடைப்பத்தால் பதில் சொல்வோம். அவ்வளவுதான். சம்பங்கி அண்ணனும் பத்தாவது முடிக்கும்வரை எல்லாப் பையன்களையும் போலச் சாம்பல் நிறத்தில்தான் திரிந்திருக்கிறார்.

மாற்றியது ஆண்டர்சன்பேட்டை போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போனவரை உட்காரவைத்து, ஸ்டூடியோக்காரர் தன் கையாலேயே பவுடர் போட்டு, விளக்கைத் திருப்பி ஒரு படம் எடுத்தார். படம் அவருக்கே பிடித்துப்போய்ப் பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். பஜாருக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். யாரோ ஒருவர், இந்தப் பையன் சினிமாவுக்குப் போக வேண்டியவன் என்று சொல்லியும் வைத்தார். சொன்னவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்டூடியோ பிறகு மொபைல் கடையாகிவிட்டது, படமும் போய்விட்டது. அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று தெரியாது, முகம் தயாராக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பவுடர்.

சுரங்கம் மூடியபோது அவருக்கு மீசை முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்பா ஷாஃப்டில் இறங்கியவர், மகன் ரயிலில் ஏறினார். பெங்களூரில் ஓட்டலில் தட்டு எடுத்தார், தபால் பை தூக்கினார், கடைசியில் ஒயிட்ஃபீல்டில் ஒரு க்ளீனிங் ஏஜென்சியில் சேர்ந்து கயிற்றுக்கு வந்தார். கண்ணாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் வேலை. சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டைச் சொல்வதுபோல உட்காரும் பலகையைக் கேஜ் என்றும் மாடிகளை லெவல் என்றும்தான் சொல்வார். அப்பா பூமிக்குள்ளே லெவல் லெவலாகப் போனார், நான் பில்டிங்குக்கு வெளியே போகிறேன், வித்தியாசம் வெளிச்சம் மட்டும்தான் என்பார்.

அவர் கயிற்றை விடாததற்குக் காரணம் அப்பாவின் நினைவு அல்ல என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். சோப்புத் தண்ணீரைப் பூசி வைப்பரை ஒரு இழு இழுத்தால், அழுக்கு போன இடத்தில் பளிச்சென்று அவர் முகம் வரும். கீழே இறங்கினால் அடுத்த மாடியிலும் வரும். நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் கொடுக்கும் வேலை உலகத்தில் வேறு ஏது?

இதற்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார். சூப்பர்வைசர் சாம்ராஜ். அவரும் ஆண்டர்சன்பேட்டைதான், அதே ரயில், அதே பெட்டி, எதிர் சீட்டு. நல்ல மனிதர். சர்ச் பாடகர் குழுவில் கட்டைக்குரல் அவருடையது. லீவு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் நம்பமாட்டார். சம்பங்கி அண்ணனுக்குக் குடியாத்தம் பக்கம் சொந்தக்காரர்கள் அதிகம். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் அங்கே இறந்துபோவார்கள், பெரும்பாலும் கிரிக்கெட் பந்தயமோ புதுப்படமோ வரும் சமயத்தில்.

சென்ற கோடையில் ஒரு பெரியப்பா இறந்தார். சாம்ராஜ் சார் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"இன்னா சம்பங்கி, உங்க குடியாத்தத்துல இன்னும் யாராவது உயிரோட கீறாங்களா?"

பெட்டியே சிரித்தது. சம்பங்கி அண்ணன் மட்டும் துக்கமாக இருந்தார். சாம்ராஜ் சார் லீவு கொடுத்தார். ஆனால் ஒன்று சொன்னார். இது பொய் என்று என்றைக்குத் தெரிந்தாலும் அன்றைக்கே கயிறு இல்லை, பேஸ்மெண்டில் கார் நிறுத்தும் இடத்தில் தரை தேய்க்கப் போக வேண்டியதுதான். கயிறு என்றால் வானம், காற்று, மாடிக்கு மாடி தன் முகம். பேஸ்மெண்ட் என்றால் டயர் தடம். சம்பங்கி அண்ணனின் பவுடர் அந்த ஒரு நிமிஷம் இன்னும் வெளுத்தது.

பெரியப்பா சாகவில்லை. எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கம் ஒரு பாழடைந்த கட்டடத்தில் பெங்களூர்ப் படக்குழு ஒன்று சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றிய தொடர் எடுக்க வந்திருந்தது. உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டூடியோ வாசலில் யாரோ சொன்ன வார்த்தை இத்தனை வருஷம் கழித்து வீடு தேடி வந்தது.

இந்த விஷயத்தை அவர் சொன்னது என்னிடம் மட்டும். நீ யாரிடமும் பேசமாட்டாய், அதனால் சொல்கிறேன் என்றார். சொல்ல வேண்டிய அவசியமும் இருந்தது. அவருக்கு ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டியிருந்தது, பெட்டியில் கல்லூரிக்கு ஆங்கிலம் படிக்கப் போகிற பெண் நான் ஒருத்திதான்.

அந்தச் சொல் கிரைம். தமிழில் எழுதினால் திருட்டும் கொலையும் நினைவுக்கு வரும், அது இல்லை. முதல் எழுத்தைக் கங்கையின் முதல் எழுத்துப் போலச் சொல்ல வேண்டும். ஏஜென்சியில் கொடுக்கும் க்ளீனிங் கேன்களின் மேல் தூசிக்கு ஒரு சொல், அழுக்குக்கு ஒரு சொல், பிறகு இந்தக் கிரைம் என்று மூன்றும் வரிசையாக அச்சிட்டிருக்கும். பயிற்சி வகுப்பில் ஒரு பெண் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். ஊதினால் போவது தூசி, தண்ணீர் பட்டால் போவது அழுக்கு, எண்ணெயோடும் புகையோடும் சேர்ந்து மேல்பரப்பில் நாள்பட்டு ஊறிப்போய், தேய்த்தால்தான் போவது கிரைம். சம்பங்கி அண்ணன் உடனே, அடுப்பு மேடைப் பிசுக்கு என்று சொல்லிவிட்டார். சரியான பதில். அதோடு அந்தச் சொல்லை அவர் மறந்தும்போனார்.

பாலகாட்டில் அதே சொல் மறுபடி வந்தது. மேக்கப் போடும் பெண்ணின் பெயர் மமதா. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாளாம். அவள் திறந்த பெட்டியில் ஒரு சின்ன டப்பா. அதன் மூடியில் கேனில் இருக்கும் அதே எழுத்து. உள்ளே கறுப்புப் பொடி. அதை எண்ணெயில் குழைத்து அவர் முகத்தில் அப்பினாள். கம்பெனி இதை எடுக்கக் காசு கொடுக்கிறது, சினிமா இதைப் பூசக் காசு கொடுக்கிறது, இரண்டுக்கும் ஒரே பேரா என்பதுதான் அவர் கேள்வி.

பூசுவதற்கு முன்னால் அவர் ஓர் ஆலோசனை சொல்லிப் பார்த்திருக்கிறார். எங்கள் சுரங்கத்துத் தூசி கறுப்பு இல்லை, கறுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில்தான், இங்கே சாம்பல் நிறம் என்றார். மமதா கோபித்துக்கொள்ளவில்லை. சாம்பல் பொடியும் வைத்திருந்தாள். போட்டு, கேமராவுக்கு முன்னால் நிற்கவைத்து, மானிட்டரில் காட்டினாள். அதில் சம்பங்கி அண்ணன் தினமும் காலை ரயிலில் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார். அவரே ஒத்துக்கொண்டு கறுப்பைப் பூசச் சொல்லிவிட்டார்.

கறுப்பில் ஒரு சௌகரியமும் இருந்தது. பூசி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தபோது அவருக்கே யாரோ போல இருந்தது. சாம்ராஜ் சார் நூறு முறை பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சினிமாவுக்கும் வந்தாயிற்று, கயிறும் பத்திரம் என்று நிம்மதியாக மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்.

கை சும்மா இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முகத்தில் பிசுக்கு இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் தோள் துண்டால் துடைத்துவிடுவார். மமதா ஓடி வந்து பூசுவாள், அவர் மறுபடி துடைப்பார். போன ஷாட்டில் கறுப்பாக இருந்தவர் இந்த ஷாட்டில் பாதி வெளுப்பாக இருக்கிறாரே என்று இயக்குநர் கத்தினார். கத்திக்கொண்டே பார்த்தவர் சட்டென்று நின்றுவிட்டார். சம்பங்கி அண்ணன் துடைப்பது மற்றவர்கள் மாதிரி இல்லை. நெற்றியின் மேல் ஓரத்தில் தொடங்கி, குறுக்கே இழுத்து, கையை எடுக்காமல் திருப்பி, அடுத்த வரி, அடுத்த வரி என்று தாடைவரை ஒரே ஓட்டம். கடைசியில் இரண்டு பக்க ஓரங்கள். இத்தனை வருஷம் கண்ணாடியில் வைப்பர் போன வழி அது.

வேலை முடிந்து மேலே வந்த தொழிலாளி ஒருவன் முகம் கழுவ வேண்டும், கேமரா கிட்டத்தில், முகம் மட்டும், அதற்கு இவர்தான் என்றார் இயக்குநர்.

வாளியில் தண்ணீர் வரும்வரைதான் யோசிக்க நேரம். முகம் தெரியுமா என்று மமதாவிடம் கேட்டிருக்கிறார். அதற்குத்தானே கழுவுவது என்றாள் அவள். ஒரு பக்கம் கயிறு. இன்னொரு பக்கம், பத்தாவது முடித்ததிலிருந்து தயாராக வைத்திருந்த முகம். வாளி வந்தது. சம்பங்கி அண்ணன் கழுவினார். மனசாரக் கழுவினேன் என்று என்னிடம் சொன்னார். காலி டப்பாவை ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று மமதா கொடுத்துவிட்டாள்.

அந்த டப்பாவைக் கைக்குட்டையில் மறைத்து, எதிர் சீட்டைப் பார்த்துக்கொண்டே எனக்குக் காட்டினார். மறுநாள் படித்துவிட்டு வந்து சொன்னேன். சொல் கடல் தாண்டி, நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருக்கலாம். அங்கே அதற்குக் கரி என்றும், முகத்தில் பூசிய கருமை என்றும் பொருள். பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல் ஒன்று இருந்தது. அதற்கு முகமூடி என்று அர்த்தம், போர்வீரன் தலைக்கவசத்தில் முகத்தை மறைக்கும் தகட்டுக்கும் அதையே சொல்வார்கள், பேய்க்கும் சொல்வார்கள். நடிகருக்கு ஒப்பனை செய்வதைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல்லும் இந்தக் குடும்பம்தான் என்கிறார்கள். ஆக, முதலில் அது முகத்தில் இருந்தது. அடுப்பு மேடைக்கும் கட்டடத்துக்கும் பிறகுதான் இறங்கியது.

அவர் டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ சினிமாக்காரங்கதான்மா கரெக்டா வச்சிருக்காங்க. நம்ம கம்பெனிதான் தப்பு."

அவர் மனசில் தங்கியது முகமூடி என்ற ஒரு சொல்தான். கழுவாமல் இருந்திருந்தால் முகமூடியோடு தப்பித்திருக்கலாம் என்று அன்றிலிருந்து கவலை. தொடர் எப்போது வரும் என்று நாள்தோறும் விசாரிப்பார், வந்துவிடக் கூடாது என்றும் சொல்வார். கயிற்றில் தொங்கும்போது கீழே பேஸ்மெண்டுக்குக் கார் இறங்கும் வாய் தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் தொடர் வந்தது. எங்கள் ஊர்க் கதை என்பதால் பெட்டியில் சீட்டாட்டம் நின்றது. நோயல் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தான், எல்லோரும் தலையை நீட்டினோம். சாம்ராஜ் சாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சம்பங்கி அண்ணன் பின்னால் சாய்ந்து தூங்குகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். இமை மட்டும் துடித்தது.

அந்த இடம் வந்தது. திரை முழுக்க ஒரு கறுத்த முகம். தண்ணீர் விழுந்தது. கை நெற்றியில் தொடங்கிக் குறுக்கே போனது, திரும்பியது, மறுபடி போனது. கறுப்பு வரிவரியாக விலகி ஒரு மாநிற முகம் வந்தது. தோலில் பெரிய துளைகள், கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு, களைத்த கண். நன்றாக இருந்தது. எனக்குத் தெரிந்தும், ஒரு கணம் யாரோ என்றுதான் நினைத்தேன்.

சம்பங்கி அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இது நம்ம ஊர் முகம் இல்லை, எங்கிருந்தோ கூட்டி வந்திருக்கிறார்கள் என்றான் நோயல். சாம்ராஜ் சார் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். போட்டான். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அந்தக் கட்டைக்குரலில் சொன்னார்.

"யார் இந்த ஆளு? கையைப் பாருங்க, ஒரு கோடு விடல. ஓரத்தைக் கடைசியில எடுக்கறான். சம்பங்கி, தூங்காத, இதைப் பாரு. இந்த மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைச்சா போதும்."

கயிறு தப்பிவிட்டது. பேசாமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. மாலூர்வரை அவர் அப்படித்தான் இருந்தார். முகத்தில் என்னென்னவோ ஓடியது. ஊரே பார்க்கிறது, ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. போதாததற்கு இந்த ஊர் முகமே இல்லையாம்.

மாலூர் தாண்டியதும் எழுந்து உட்கார்ந்தார். அது நான்தான் சார் என்றார். பெட்டி சிரித்தது. சாம்ராஜ் சார் சிரிக்கக்கூட இல்லை, நீ எதற்கு இந்த வயதில் இப்படியெல்லாம் என்று பாவப்பட்டார். அவனுக்கு அம்மைத் தழும்பு இருக்கிறது, உங்களுக்கு எங்கே என்று கேட்டான் நோயல்.

சம்பங்கி அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் அடித்தார். பையிலிருந்து வேலைத் துணியை எடுத்தார். நெற்றியின் மேல் ஓரம், குறுக்கே, திரும்பி, அடுத்த வரி. பவுடர் வெள்ளைச் சேறாகத் துணியில் வந்தது. கடைசியாக இரண்டு ஓரங்கள். நோயல் போனை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். தழும்பு இங்கேயும் இருந்தது, அங்கேயும் இருந்தது.

சாம்ராஜ் சார் போனைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், படம் எடுத்தது எப்போது என்று கேட்டார். நோயலுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர், போன கோடை என்றார். பாலகாட்டில் வெயிலோடு வெயிலாக எடுத்தார்கள் என்றார் இன்னொருவர். சாம்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்போ குடியாத்தத்துல செத்தது யாரு?"

"யாரும் சாகலீங்க சார்," என்றார் சம்பங்கி அண்ணன், ஈர முகத்தோடு. "எல்லாரும் நல்லா கீறாங்க."

சாம்ராஜ் சார் சொன்ன வார்த்தையிலிருந்து மாறவில்லை. மாற முடியாது, பெட்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த மாதிரி ஒருத்தன் கிடைத்தால் போதும் என்று சொன்னதையும் அதே பெட்டிதான் கேட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் ஒயிட்ஃபீல்டுவரை தவித்தார். இறங்கும்போது, பொங்கல்வரை பேஸ்மெண்ட், பிறகு கயிறு என்றார். குரலில் பாதிக் கட்டை குறைந்திருந்தது.

மறுநாள் காலை கோரமண்டலில் முகம் முதலில் ஏறியது, உடம்பு பின்னால் ஏறியது. நேற்று நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் முழுப் பவுடர். ஜன்னலைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து மமதா கொடுத்த டப்பாவை எடுத்தார். கரி இருந்த டப்பாவைக் கழுவி அதில் பவுடரை நிரப்பி வைத்திருந்தார். மூடியில் பழைய எழுத்து அப்படியே இருந்தது. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் போனது. அவர் வாடிப்போவார் என்று எதிர்பார்த்தோம், வாடவில்லை. முன்பைவிட நேரத்துக்கு வருகிறார், பாட்டும் முணுமுணுக்கிறார். நோயலுக்குத் தாங்கவில்லை. கீழே டயர் பிசுக்கைத் தேய்ப்பதில் அப்படி என்ன சுகம் என்று கேட்டான்.

"அதை இன்னா கேக்கற நோயல். பேஸ்மெண்ட் பூரா காருங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு கண்ணாடி."

இரண்டுதானே என்றான் நோயல்.

"உள்ள ஒண்ணு கீதே," என்று சொல்லிச் சம்பங்கி அண்ணன் சீட்டை வெட்டினார். "குனிஞ்சு பாத்தா அதுலயும் தெரியும்."

எதிர் சீட்டில் சாம்ராஜ் சார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.